நோய் வேறு, ஆள் வேறு



தோட்டப்புறத்து மக்களுக்குப் பட்டப்பெயர் புதிதல்ல. ஒரே லயத்தில் மூன்று முனியாண்டிகள் இருந்தால், ஒருவர் கிணற்றடி முனியாண்டி ஆவார். ஒருவர் லோரிக்கார முனியாண்டி ஆவார். இன்னொருவர் மீசை முனியாண்டி ஆவார். ஆளை அடையாளம் காண்பதற்காக வைத்த பெயர்கள் இவை. இவற்றால் யாருக்கும் தீங்கில்லை. ஆனால் ஒரு பெயர் மட்டும் இவற்றைப் போன்றதன்று. ஒருவருக்கு மனநோய் வந்துவிட்டால், அதற்காக அவருக்கு வைக்கப்படும் பெயர், அவருடைய மற்ற எல்லாப் பெயர்களையும் விழுங்கிவிடுகிறது. நேற்று வரையில் அவர் பால்வெட்டுக்காரர். மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன். திருவிழாவில் உருமி அடிப்பவர். பந்து விளையாட்டில் கோல் காப்பவர். இன்றோ அவர் 'பைத்தியம்'. அவ்வளவுதான்.

மனநோய் வந்த ஒருவர், அந்த நோயாகவே ஆகிவிடாமல் தம்மைக் காத்துக்கொள்வது எப்படி? அவரை அவ்வாறு காப்பதற்குக் குடும்பத்தாரும் அண்டை அயலாரும் என்ன செய்யலாம்? இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுவே.

முதலில் நம்முடைய பேச்சையே சற்றுக் கவனிப்போம். பெரியப்பாவுக்கு இனிப்புநீர் வந்திருந்தால், "பெரியப்பாவுக்கு இனிப்புநீர் இருக்கிறது" என்கிறோம். "அத்தைக்கு ரத்தக் கொதிப்பு" என்கிறோம். "பெரியப்பா இனிப்புநீர்" என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் கேட்பவர் சிரிப்பார். ஆனால் மனநோய் என்றவுடன் நம் பேச்சு மாறிவிடுகிறது. "அவனுக்கு நோய் இருக்கிறது" என்று சொல்லாமல், "அவன் பைத்தியம்" என்று சொல்லிவிடுகிறோம். முதல் வாக்கியத்தில் ஆள் ஒரு பக்கம் நிற்கிறார், நோய் ஒரு பக்கம் நிற்கிறது. 'கு' என்ற ஒரே எழுத்து நடுவில் நின்று இரண்டையும் பிரித்து வைக்கிறது. இரண்டாவது வாக்கியத்தில் அந்தக் 'கு' இல்லை. ஆளும் நோயும் ஒன்றாகிவிட்டனர். சிறிய எழுத்துத்தான், ஆனால் ஒரு மனிதரின் மானம் அதில் இருக்கிறது.

திருவள்ளுவர் மருந்து என்ற 95-ஆம் அதிகாரத்தை முடிக்கும்போது, மருத்துவம் என்பது நான்கு கூறுகளைக் கொண்டது என்கிறார். நோயை அடைந்தவர், அதைத் தீர்க்கும் மருத்துவர், மருந்து, அருகிலிருந்து பார்த்துக்கொள்பவர் என்பன அந்த நான்கு. நோயாளியை அவர் 'உற்றவன்' என்ற சொல்லால் குறிக்கிறார். நோயை அடைந்தவன் என்பது அதன் பொருள். அவரையே நான்கில் முதலாவதாக வைக்கிறார். அடைந்தவர் வேறு, அடைந்த பொருள் வேறு என்பது நம் பழைய நூலிலேயே தெளிவாக இருக்கிறது.

இவ்வாறு பிரித்துப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் இல்லாமலும் இல்லை. 1892-ஆம் ஆண்டு முதல் பத்துமலையில் தைப்பூசம் நடந்து வருகிறது. காவடி எடுப்பவர் பலருக்கு அருள் வருவதை நாம் கண்டிருக்கிறோம். அந்த வேளையில் அவருடைய பார்வை வேறு, குரல் வேறு, நடை வேறு. 272 படிகளையும் ஏறி, நேர்த்திக் கடன் முடித்து, வேல் கழற்றி, விபூதி பூசி, ஒரு வாய் தண்ணீர் குடித்து உட்கார்ந்ததும், அவர் பழையபடி பந்திங்கிலிருந்து வந்த லோரி ஓட்டுநர் ஆகிவிடுகிறார். மறுநாள் வேலைக்குப் போகிறார். "சாமி வந்தது, மலையேறிவிட்டது" என்கிறோம். வந்தது எது, யாரிடம் வந்தது என்று நமக்கு நன்றாகப் பிரித்துப் பார்க்கத் தெரிகிறது. அருளும் நோயும் ஒன்றென்று நாம் கூற வரவில்லை; அவை வெவ்வேறு. ஆனால் அங்கே பயன்படுத்துகிற அதே கண்ணை, வீட்டில் ஒருவருக்கு மனநோய் வரும்போதும் நாம் பயன்படுத்தலாம் அல்லவா?

மனநோய் என்பது ஒரே நோயன்று. பல வாரங்கள் நீங்காத சோர்வு, எதிலும் விருப்பமின்மை, தூக்கமின்மை என்று வருவது மனச்சோர்வு. சில காலம் கட்டுக்கடங்காத உற்சாகமும் சில காலம் ஆழ்ந்த சோர்வுமாக மாறி மாறி வருவது இருதுருவ நோய். இல்லாத குரல்கள் காதில் கேட்பது, பிறர் தமக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்று உறுதியாக நம்புவது போன்ற அறிகுறிகளோடு வருவது மனச்சிதைவு. பிறவியில் வரும் உடற்கூறு, மூளையில் நடக்கும் இரசாயன மாற்றங்கள், வாழ்க்கையில் விழுந்த அடிகள், சில வேளைகளில் கஞ்சா, சம்சு போன்ற போதைகள் ஆகிய பலவும் கூடி இவற்றுக்குக் காரணமாகின்றன. முன்வினையோ, யாரோ வைத்த செய்வினையோ, தாயின் வளர்ப்புப் பிழையோ இதற்குக் காரணம் அன்று.

இது அரிதான நோயும் அன்று. 2019-ஆம் ஆண்டில் உலகில் எட்டுப் பேரில் ஒருவர் ஏதேனும் ஒரு மனநலக் குறைபாட்டோடு வாழ்ந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. நம் நாட்டில் சுகாதார அமைச்சு எடுத்த ஆய்வில், 2019-இல் பெரியவர்களில் 2.3 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு இருந்தது. 2023-இல் அது 4.6 விழுக்காடாக, அதாவது இரண்டு மடங்காக, உயர்ந்திருந்தது. ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர். நம் லயத்திலும், நம் அடுக்குமாடி வீட்டிலும், நாம் ஏறுகிற தொழிற்சாலைப் பேருந்திலும் அவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் வேலைக்குப் போய் வருகிறார்கள். நமக்குத் தெரிவதில்லை.

நோயின் அடியில் மனிதர் அப்படியே இருக்கிறார் என்பதற்கு நம் வட்டாரத்தோடு தொடர்புடைய ஒரு வரலாறு உண்டு. 1942-இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தபோது சிறைப்பட்ட ஆஸ்திரேலியர்களுள் ஜான் கேட் என்ற மருத்துவரும் ஒருவர். மூன்றரை ஆண்டுகள் அவர் சாங்கி முகாமில் கைதியாக இருந்தார். நம் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்கு ஆட்களைக் கொண்டுபோன காலமும் அதுவே. போர் முடிந்து நாடு திரும்பிய கேட், மனநோய்க்கு உடலிலும் காரணம் இருக்க வேண்டும் என்று எண்ணி ஆராய்ந்தார். லித்தியம் என்ற ஓர் உப்பு, கட்டுக்கடங்காத கிளர்ச்சியைத் தணிக்கிறது என்று 1949-இல் அவர் வெளியிட்டார்.

அவர் முதன்முதலாக அம்மருந்தைக் கொடுத்தது 51 வயதான ஒருவருக்கு. ஐந்து ஆண்டுகளாக ஓயாத கிளர்ச்சி. அந்த வார்டிலேயே பெருந்தொல்லை கொடுப்பவர் என்று பெயரெடுத்தவர். சில வாரங்களில் அவர் அமைதியடைந்தார். சில மாதங்களில் வீடு திரும்பி, தம் பழைய வேலையிலேயே மறுபடியும் சேர்ந்தார். ஐந்து ஆண்டுகள் அவரைப் பார்த்தவர்கள், "இவர் இப்படித்தான்" என்று முடிவு கட்டியிருப்பார்கள். ஆனால் அந்த வேலைக்காரர் எங்கும் போய்விடவில்லை. நோய்க்குப் பின்னால் காத்திருந்தார். இக்கதையின் பிற்பகுதியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வீட்டுக்குப் போனவர் மருந்தை விட்டுவிட்டார், நோய் திரும்பியது, மறுபடியும் மருத்துவமனைக்கு வந்தார். பின்னர் அம்மருந்து உடலில் அளவுக்கு மிஞ்சியதாலேயே இறந்தார். எவ்வளவு கொடுக்கலாம் என்பது அந்நாளில் சரியாகத் தெரியாது. இன்று ரத்தத்தைச் சோதித்து அளவைக் கண்காணிக்கிறார்கள். ஆகவே மருந்தை நாமாக விடவும் கூடாது. நாமாகக் கூட்டவும் கூடாது.

மருந்து வந்த பிறகும் பெயர் மட்டும் போகவில்லை. பேராக்கில் தஞ்சோங் ரம்புத்தான் என்ற ஊர் இருக்கிறது. 1911-ஆம் ஆண்டு அங்கே மனநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. அந்த ஊரிலும் சந்தை உண்டு, பள்ளி உண்டு, மழை உண்டு, வெயில் உண்டு. ஆனால் மலேசியாவில் மூன்று இனத்தாரும் அந்த ஊரின் பெயரை ஒரு கேலிச் சொல்லாகவே வழங்கி வருகிறார்கள். "இவனைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்ப வேண்டும்" என்று சொல்லாத காப்பிக் கடை இல்லை. தமிழ்நாட்டில் கீழ்ப்பாக்கத்துக்கும், இலங்கையில் அங்கொடைக்கும், சிங்கப்பூரில் ஊட்பிரிட்ஜுக்கும் இதே கதிதான் நேர்ந்தது. ஒரு கட்டடத்தால் ஓர் ஊரே தன் மற்ற அடையாளங்களை இழந்துவிடுமானால், தனி ஒரு மனிதரின் கதி என்னவென்று சொல்ல வேண்டுமா?

பெயரை மாற்றினால் போதுமா? தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனைக்குப் பிற்காலத்தில் பகாகியா என்று பெயரிட்டார்கள். மகிழ்ச்சி என்பது அதன் பொருள். நல்ல நோக்கந்தான். இருந்தும் கேலி நிற்கவில்லை. ஜப்பானில் மனச்சிதைவு நோய்க்கு 'மனம் பிளந்த நோய்' என்னும் பொருள்பட ஒரு பெயர் இருந்தது. நோயாளிகளின் குடும்பத்தார் அமைப்பாகத் திரண்டு, அப்பெயரை மாற்ற வேண்டும் என்று கேட்டார்கள். 2002-ஆம் ஆண்டு மருத்துவர் சங்கம் அதை மாற்றியது. அதன் பின்பு நோயின் பெயரை நோயாளியிடமே சொல்லும் மருத்துவர்கள் பெருகினர். நம் தமிழில் வழங்கும் 'மனச்சிதைவு' என்ற சொல்லும் சிதைந்து போனவர் என்ற எண்ணத்தையே தருகிறது. ஆகவே சொல்லுக்கும் பங்கு உண்டு. ஆயினும் நல்ல சொல் மட்டும் ஒருவரை மனிதராக நிறுத்திவிடாது. வீட்டில் அவருக்கு ஓர் இடம், கையில் ஒரு வேலை, பேச்சில் ஒரு மதிப்பு ஆகியவை வேண்டும்.

ஆளையும் நோயையும் ஒன்றாக்கினால் எதில் கொண்டுபோய் விடும் என்பதற்கு ஏர்வாடி சாட்சி. தமிழ்நாட்டில் இராமநாதபுரம் மாவட்டத்தில் உள்ள அவ்வூருக்கு, மனநோயாளிகளைத் தர்காவில் குணமாகட்டும் என்று கொண்டுவந்து விடுவது நெடுநாள் வழக்கம். சுற்றிலும் தனியார் விடுதிகள் பல இருந்தன. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலையில் அவற்றில் ஒரு விடுதியில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். அவர்களும் ஒரு வீட்டில் பிள்ளையாக, தங்கையாக, தகப்பனாக இருந்தவர்களே. சங்கிலி போட்டவருடைய கண்ணுக்கு அவர்கள் நோயாக மட்டுமே தெரிந்தார்கள். அதன் பின்னர்தான் அரசாங்கம் அப்படிப்பட்ட விடுதிகளை மூடியது.

நம் வீடுகளில் சங்கிலி இல்லை என்று நாம் சொல்லலாம். கண்ணுக்குத் தெரியாத சங்கிலி ஒன்று உண்டு. ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பார்ப்போம். செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் இளைஞர். 23 வயது. இரவில் தூக்கமில்லை, யாரோ பேசுவது போல் குரல் கேட்கிறது. கோயிலுக்கும் மந்திரவாதியிடமும் அலைந்து, பல மாதம் கழித்து அரசாங்க மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள். ஆறு வாரத்தில் குணம் கண்டு வீடு திரும்புகிறார். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறார். குரல்கள் அடங்கிவிட்டன.

ஆனால் வீடு மாறிவிட்டது. முன்பு சம்பள நாளில் அரிசிக்கும் மீனுக்கும் கணக்குப் பார்த்தவர் அவர்தான். இப்போது பணத்தை அவர் கையில் கொடுப்பதில்லை. தங்கையின் திருமணப் பேச்சில் அவரைச் சேர்ப்பதில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் வந்தால் பின்கட்டில் இருக்கச் சொல்கிறார்கள். ஒரு நாள், தம்பி கேட்காமல் தம்முடைய மோட்டார் சைக்கிளை எடுத்துப் போனதற்காகக் கோபிக்கிறார். யாருக்கும் வரும் கோபந்தான். உடனே தாயார் கேட்கிறார்: "மாத்திரை போட்டியா?" சற்று அதிகமாகச் சிரித்தாலும் அதே கேள்வி. தனியே உட்கார்ந்திருந்தாலும் அதே கேள்வி. அவருடைய கோபம் கோபமாக இல்லை. சிரிப்பு சிரிப்பாக இல்லை. எல்லாம் நோயாகவே பார்க்கப்படுகின்றன. அந்தத் தாய் கெட்டவர் அல்லர். பயந்தவர். ஆனால் அந்த ஒரு கேள்வி நாள்தோறும் அந்த மகனைச் சிறிது சிறிதாக அழிக்கிறது.

இந்நிலையில் அந்த இளைஞர் இரண்டு பள்ளங்களில் ஒன்றில் விழக்கூடும். முதலாவது, மறைத்தல். "எனக்கு நோயே இல்லை. மாத்திரை சாப்பிடுவதால்தானே பைத்தியம் என்கிறார்கள், மாத்திரையை விட்டுவிட்டால் நான் பழைய ஆள்" என்று எண்ணி மருந்தை நிறுத்திவிடுகிறார். பலருக்கு நோய் திரும்புவது இப்படித்தான். மாத்திரை கசப்பதால் விடுகிறவரைவிட, அதோடு ஒட்டியிருக்கும் பெயர் கசப்பதால் விடுகிறவர் மிகுதி என்று சொல்லத் தோன்றுகிறது. இரண்டாவது, ஒப்புக்கொடுத்தல். "ஆம், நான் பைத்தியந்தான். என்னால் ஒன்றும் ஆகாது" என்று பாயை விரித்துப் படுத்துவிடுகிறார். வேலை, கூட்டாளிகள், பந்து விளையாட்டு, கோயில் கூட்டம் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார். முன்னவர் நோயை மறந்து தம்மைக் காக்கப் பார்க்கிறார். பின்னவர் தம்மை மறந்து நோயை மட்டும் வைத்துக்கொள்கிறார். இரண்டுக்கும் வேர் ஒன்றே: நானும் நோயும் ஒன்று என்ற எண்ணம்.

இரண்டுக்கும் நடுவே ஒரு பாதை உண்டு. "எனக்கு ஒரு நோய் இருக்கிறது. அதற்கு மருந்து சாப்பிடுகிறேன். அதைத் தவிர என்னிடம் இன்னும் பல இருக்கின்றன." இவ்வளவுதான். இனிப்புநீர் உள்ள பெரியப்பா சொல்வதும் இதுவே. காலையில் மாத்திரை போடுகிறார், சீனி இல்லாத காப்பி குடிக்கிறார், பிறகு வேலைக்குப் போகிறார். நாளெல்லாம் இனிப்புநீரைப் பற்றியே எண்ணிக்கொண்டிருப்பதில்லை.

இந்தப் பாதையில் நடக்க வேலை பெருந்துணை ஆகும். தோட்டப்புறத்தில் வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது, "இருக்கிறேன்" என்று சொல்கிறவருக்கு உலகில் ஓர் இடம் இருக்கிறது. முன்பெல்லாம், மனநோய் முற்றாகத் தீரட்டும், பிறகு வேலை பார்க்கலாம் என்றார்கள். காத்திருந்தே ஆண்டுகள் கழிந்தன. இப்போது மருத்துவர்கள் வேறு வழியைக் கைக்கொள்கிறார்கள். முதலில் வெளியில் ஓர் உண்மையான வேலையைத் தேடிக்கொடுப்பது. பிறகு அந்த வேலையிலேயே பக்கத்தில் நின்று பழக்குவது. நம் பத்துமலை வட்டாரத்திலேயே, செலாயாங் மருத்துவமனையைச் சார்ந்த மென்தாரி என்ற சமூக மனநல நிலையம் இந்தப் பணியைச் செய்து வந்திருக்கிறது. மென்தாரி என்றால் மலாய் மொழியில் கதிரவன். நோயாளியின் விருப்பத்தையும் திறமையையும் கேட்டறிந்து, முதலாளியிடம் பேசி வேலையில் சேர்த்து, பிறகும் தொடர்ந்து பார்த்துக்கொள்வார்கள். நாட்டின் பல பகுதிகளில் சுகாதார அமைச்சு இத்தகைய மென்தாரி நிலையங்களைத் திறந்திருக்கிறது. சென்னையிலும், கீழ்ப்பாக்கம் மருத்துவமனைக்குத் தலைமை தாங்கியவரும் இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவருமான சாரதா மேனன், 1984-இல் ஸ்கார்ஃப் என்ற அமைப்பை நிறுவி, மருந்தோடு தொழிற்பயிற்சியையும் சேர்த்தே கொடுக்க வழிசெய்தார்.

நம் நாட்டில் 2008-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் மனக்குறைபாட்டையும் உட்படுத்துகிறது. நெடுங்காலம் நோயோடு வாழ்பவர் விரும்பினால், மருத்துவரின் சான்றோடு சமூகநல இலாகாவில் பதிந்து மாற்றுத்திறனாளி அட்டை பெறலாம். சில உதவிகளும் சலுகைகளும் கிடைக்கும். "அட்டை எடுத்தால் ஊரறிந்த பைத்தியம் ஆகிவிடுவோமே" என்று சிலர் அஞ்சுகிறார்கள். அட்டை என்பது அலுவலகத்தில் காட்டுவதற்கு ஒரு கருவி. அது சட்டைப் பையில் இருக்கட்டும். யாருக்குக் காட்டுவது, யாருக்குக் காட்டாமல் இருப்பது என்பது அதை வைத்திருப்பவரின் உரிமை.

இனி, நோயுள்ளவர் தாமே செய்துகொள்ளக்கூடிய சிலவற்றைக் கூறுவோம். மாத்திரையைச் சோற்று வேளையைப் போல ஒரு வழக்கமாக்கிக் கொள்ளுங்கள்; அதைப் பற்றி நாளெல்லாம் எண்ண வேண்டியதில்லை. மருந்தால் கை நடுங்கினாலோ, உடல் பருத்தாலோ, பகலெல்லாம் தூக்கம் வந்தாலோ மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். மருந்தையோ அளவையோ மாற்ற முடியும். உங்களுக்கு நோய் திரும்பும்போது முதலில் தோன்றும் அறிகுறி எது என்று கவனித்து வையுங்கள். பலருக்கு அது தூக்கம் கெடுவது. நலமாக இருக்கும்போதே, "இந்த அடையாளம் கண்டால் என்னை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்" என்று வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி வையுங்கள். பிறகு மற்ற நேரங்களில் அவர் உங்களைச் சோதித்துக்கொண்டிருக்க வேண்டிய தேவை இருக்காது.

நோய்க்கு முன்னே நீங்கள் எதைச் செய்து மகிழ்ந்தீர்களோ, அதில் ஒன்றையாவது விடாதீர்கள். உருமி அடித்தவர் உருமியை எடுக்கட்டும். மிளகாய்ச் செடி வைத்தவர் நான்கு செடி வைக்கட்டும். பாட்டுப் பாடியவர் பாடட்டும். தொடக்கத்தில் பழைய திறமை வராது. நோயும் மருந்தும் உடலைத் தளர்த்தியிருக்கும். அரை மணி நேரம் போதும். யாரிடம் நோயைப் பற்றிச் சொல்வது என்பதையும் நீங்களே முடிவு செய்யுங்கள். எல்லாரிடமும் சொல்ல வேண்டும் என்பதில்லை. எல்லாரிடமும் மறைக்க வேண்டும் என்பதும் இல்லை. உங்களைப் போல் நோய் கண்டு மீண்டவர் ஒருவரோடு பேச வாய்ப்புக் கிடைத்தால் தவறவிடாதீர்கள். மருத்துவர் சொல்ல முடியாத சிலவற்றை அவர் சொல்வார்.

குடும்பத்தாருக்குச் சில சொற்கள். முறை சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்தாதீர்கள். அவர் அண்ணன் என்றால் அண்ணன்தான். மாமா என்றால் மாமாதான். சின்னஞ்சிறு பிள்ளைகள் கேட்டால், "மாமாவுக்கு மனசில் ஒரு நோய், மருந்து சாப்பிடுகிறார்" என்று உண்மையைச் சொல்லுங்கள். வீட்டுக் காரியங்களில் அவருடைய யோசனையைக் கேளுங்கள். பணத்தில் சிறு பொறுப்பிலிருந்து தொடங்கி, முன்பிருந்த பொறுப்பைப் படிப்படியாகத் திருப்பிக் கொடுங்கள். அவர் கோபித்தால், முதலில் கோபத்துக்குக் காரணம் இருக்கிறதா என்று பாருங்கள். மாத்திரையைப் பற்றிக் கேட்க வேண்டுமானால், சாப்பாட்டு வேளையில் ஒரு முறை கேளுங்கள். சண்டையின் நடுவே கேளாதீர்கள். உங்களுக்கும் களைப்பு வரும், வருத்தம் வரும். பார்த்துக்கொள்ளும் வேலையை ஒரே ஆளின் தலையில், பெரும்பாலும் தாயின் தலையில், சுமத்தாமல் பகிர்ந்துகொள்ளுங்கள். கோயிலில் வேண்டிக்கொள்வது மனத்துக்கு ஆறுதல், அதைச் செய்யுங்கள். ஆனால் அதற்காக மருத்துவமனைக்குப் போகும் நாளைத் தள்ளிப்போடாதீர்கள்.

அண்டை அயலாரும் மேலாளரும் செய்ய வேண்டியது அதிகமில்லை. குணமாகி வந்தவரை, இடுப்பொடிந்து படுத்து எழுந்து வந்தவரை வரவேற்பது போல் வரவேற்றால் போதும். மனநோயுள்ளவர் என்றாலே அடிப்பார், வெட்டுவார் என்ற பயம் பரவலாக இருக்கிறது. உண்மையில் அவர்களில் பெரும்பாலோர் யாருக்கும் தீங்கு செய்வதில்லை. பிறரால் தீங்கு செய்யப்படுவதே மிகுதி.

உதவி எங்கே கிடைக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். முதற்படி, அருகிலுள்ள அரசாங்க கிளினிக். மனச்சோர்வு போன்றவற்றுக்கு அங்கேயே சிகிச்சை தொடங்கலாம். தேவையானால் பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் கொடுப்பார்கள். 2010-இல் நடைமுறைக்கு வந்த 2001-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், சிகிச்சை பெறும் முறையையும் நோயாளியின் பாதுகாப்பையும் வரையறுக்கிறது. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரைக் குற்றவாளியாகக் கருதிய 309-ஆவது பிரிவை நாடாளுமன்றம் 2023-இல் நீக்கிவிட்டது. ஆகவே போலீசுக்குப் பயந்து அப்படிப்பட்டவரை வீட்டில் ஒளித்து வைக்க வேண்டியதில்லை. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். மனம் உடைந்து யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால், சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணையோ, கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-76272929 என்ற எண்ணையோ அழைக்கலாம்.

நேயர்களே, காலை நோய் தாக்கினால் நடை தளரும். கண்ணை நோய் தாக்கினால் பார்வை மங்கும். மனத்தை நோய் தாக்கும்போது மட்டும், 'நான் யார்' என்ற எண்ணமே ஆட்டங்காணுகிறது. அதனால்தான் இந்நோயில் மற்றவர்களின் பேச்சுக்கு இவ்வளவு வலிமை இருக்கிறது. தம்மைப் பற்றித் தமக்கே ஐயம் வந்துவிட்ட ஒருவர், நம் முகத்தைப் பார்த்துத்தான் தாம் யார் என்று தெரிந்துகொள்கிறார். நாளை காலையில் அப்படி ஒருவர் உங்கள் வாசல் வழியே போனால், அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி, "வாங்க அண்ணே, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்று கூப்பிடுங்கள். மருந்தைக் கிளினிக்கில் கொடுப்பார்கள். இதை நாம்தான் கொடுக்க வேண்டும்.